சுவரில் இருந்து தொடங்குங்கள்



இந்த மாதம் ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். "இது எங்களுக்கு விளங்காது" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது பொறியியலாளருக்கான பாடம் அல்ல. எங்கள் வருமானத்தோடும், எங்களிடம் இருக்கும் சில முக்கியமான பத்திரங்களோடும் சம்பந்தப்பட்ட விடயம்.

எங்கள் கிராமங்களில் இன்று மேசைக் கொம்பியூட்டர் ஒன்றை வைத்துப் பிழைப்பு நடத்தும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். சிலருக்கு அது வாழ்வாதார உதவியாகக் கிடைத்தது. சிலர் வெளிநாட்டில் உள்ள உறவினர் அனுப்பிய பணத்தில் வாங்கினார்கள். சிலர் பாவித்த பொருள் கடையில் தவணைக்கு எடுத்தார்கள். பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம், பாடசாலைக்கு வினாத்தாள், போட்டோக்கொப்பி, கடிதம் ரைப் பண்ணுதல் என்று அந்த ஒரு பெட்டியை நம்பித்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். மாதர் சங்கங்களின் கணக்குகளும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன.

ஒரு நாள் காலையில் பொத்தானை அழுத்துகிறோம். விளக்கு எரியவில்லை. விசிறிச் சத்தம் இல்லை. திரை கறுப்பாகவே கிடக்கிறது. அந்த நேரம் எங்களில் அநேகர் செய்வது ஒன்றுதான்: பதறிப்போய் யாராவது ஒரு தம்பிக்குப் போன் எடுப்பது. அவர் சொல்வதை அப்படியே நம்புவது. அவர் கேட்ட காசைக் கடன்பட்டாவது கொடுப்பது.

கிளிநொச்சி மாவட்டத்தில் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கும் இதுதான் நடந்தது. 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒரு பயிற்சி வகுப்பில் ரைப் பண்ணப் பழகி, வீதியோரத்தில் சின்னக் கடை ஒன்று போட்டிருக்கிறார். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் 2016 இல் நிறைவேறி, 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்ட பிறகு, அந்த ஊர்ப் பெண்கள் பலர் தங்கள் முறைப்பாட்டுக் கடிதங்களை அவரிடம்தான் ரைப் பண்ணினார்கள். பிள்ளைகளுடைய, கணவன்மாருடைய பழைய படங்களை ஸ்கான் பண்ணி அந்தக் கொம்பியூட்டருக்குள்தான் வைத்திருந்தார்கள். சிலருக்குக் கையில் இருந்த கடைசிப் பிரதி மழையில் நனைந்து அழிந்துவிட்டது. அந்தப் பெட்டிக்குள் இருப்பது மட்டுந்தான் மிச்சம்.

கொம்பியூட்டர் உயிர்பெறாமல் போன அன்று, திருத்த வந்தவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அக்கா, மதர்போட் போட்டுது. 32,000 ரூபா முடியும். இல்லாட்டி பெட்டியைத் தாங்கோ, கழிச்சுக்கொண்டு வேற ஒண்டு தாறன்." அக்கா எனக்குப் போன் எடுத்தார். காசைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் கேள்வி இதுதான்: "மிஸ், படமெல்லாம் போயிட்டுதே?"

இல்லை. கொம்பியூட்டருக்குக் கறண்ட் வராமல் போவதும், அதற்குள் இருப்பவை அழிந்துபோவதும் வேறு வேறு விடயங்கள். படங்களும் கடிதங்களும் 'ஹாட் டிஸ்க்' என்ற தனியான ஒரு பாகத்தில் இருக்கின்றன. சில புதிய இயந்திரங்களில் அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி என்ற சிறிய தட்டு இருக்கும். இடிமின்னல் தாக்கியிருந்தால் சில வேளை அதுவும் பழுதாகலாம். ஆனால் சாதாரணமாக, அறையில் விளக்கு அணைந்தால் அலுமாரிக்குள் இருக்கும் கொப்பி எரிந்துவிடுவதில்லை. ஹாட் டிஸ்கைக் கழற்றி வேறு கொம்பியூட்டரில் பூட்டினால் அநேகமாக எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். பெட்டியை அப்படியே கையளித்தால்தான் எல்லாம் போகும். அதனால் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவைக்கிறேன்: என்ன பழுதென்று தெரியும்வரை பெட்டியை யாரிடமும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

கறண்ட் வரும் வழி

கிணற்றடி மோட்டார் ஓடியும் குசினிப் பைப்பில் தண்ணீர் வராவிட்டால், எடுத்தவுடனே பைப்பையா உடைக்கிறோம்? தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா, குழாயில் எங்கே அடைப்பு என்று ஒழுங்காகப் பார்த்துக்கொண்டு வருவோம். கொம்பியூட்டரும் அப்படித்தான்.

சுவரில் உள்ள பிளக் துவாரத்தில் 230 வோல்ற் இருக்கிறது. அது வயர் வழியாகப் பெட்டியின் பின்பக்கம் உள்ள 'பவர் சப்ளை' என்ற தகரப் பெட்டிக்குள் போகிறது. கொம்பியூட்டரின் உள்ளுறுப்புகளால் 230 வோல்ற்றைத் தாங்க முடியாது. பவர் சப்ளைதான் அதை 12, 5, 3.3 வோல்ற் என்று குறைத்துக் கொடுக்கிறது. அங்கிருந்து 'மதர்போட்' என்ற பெரிய தட்டுக்கும், அதிலிருந்து மற்ற உறுப்புகளுக்கும் போகிறது. முன்னால் நாங்கள் அழுத்தும் பொத்தான் கறண்டை நேரே திறப்பதில்லை. "இனித் தொடங்கு" என்று மதர்போட்டுக்குச் சொல்லும் ஒரு சின்ன மணி மாதிரி அது.

ஆகவே எங்கே தடைப்பட்டது என்று பார்க்கும்போது சுவரில் இருந்து தொடங்கி உள்ளே போகவேண்டும். மதர்போட் இந்த வழியின் கடைசியில் இருக்கிறது. மற்றவற்றைப் பார்க்காமல் அதைக் குற்றம் சொல்வது, தாங்கியைப் பார்க்காமல் பைப்பை உடைப்பது போன்றதுதான்.

முதலில் பாதுகாப்பு

ஈரக் கையோடும் ஈர நிலத்தில் நின்றும் எதையும் தொடவேண்டாம். காலில் செருப்புப் போட்டுக்கொள்ளுங்கள். எரிந்த மணம் வந்தாலோ, புகை தெரிந்தாலோ, பிளக்கைச் சுற்றிக் கறுத்திருந்தாலோ பிளக்கில் கை வைக்காமல் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டு அதோடு நில்லுங்கள். அதற்குமேல் மின்சார வேலை தெரிந்தவர்தான் பார்க்கவேண்டும். கொம்பியூட்டரைப் பூட்டிச் சுவிச்சைப் போடும் ஒவ்வொரு தரமும் வீட்டின் ட்ரிப் சுவிச் விழுகிறதென்றால், திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்கக் கூடாது. எங்கோ கறண்ட் ஒழுகுகிறது என்று அது எச்சரிக்கிறது.

படிப்படியாகப் பார்ப்போம்

1. என்ன நடக்கிறது என்று முதலில் கவனியுங்கள். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லையா? ஒரு விநாடி விசிறி சுழன்றுவிட்டு நிற்கிறதா? விசிறி தொடர்ந்து சுழன்றும் திரை மட்டும் கறுப்பா? இவை மூன்றும் மூன்று விதமான பழுதுகள். விசிறி சுழன்று திரை கறுப்பாக இருந்தால் பெட்டிக்குக் கறண்ட் வருகிறது. அப்போது மொனிற்றரின் வயரையும், 'றாம்' என்ற நினைவுத் தட்டையும்தான் முதலில் பார்க்கவேண்டும். பீப், பீப் என்று சத்தம் கேட்டால் எத்தனை தரம் என்று எண்ணி எழுதிவையுங்கள். திருத்துபவருக்கு அது பெரிய உதவி.

2. சுவர்ப் பிளக்கைச் சோதியுங்கள். போன் சார்ஜரைச் செருகிப் பார்த்துவிட்டு "கறண்ட் இருக்கு" என்று முடிவெடுக்க வேண்டாம். அநேகமான சார்ஜர்கள் 100 வோல்ற்றிலும் வேலை செய்யும். மேசை விசிறியைப் பூட்டிப் பாருங்கள். வழக்கமான வேகத்தில் சுழல்கிறதா, சோம்பலாகச் சுழல்கிறதா? வயர் லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் வோல்ற் குறையும். காலையில் தொடங்கும் கொம்பியூட்டர் மாலையில் மட்டும் தொடங்க மறுத்தால் பழுது பெட்டியில் இல்லாமல் லைனில் இருக்கலாம். மின்சாரம் வழங்கும் நிறுவனத்தில் முறைப்பாடு செய்யவேண்டிய விடயம் அது.

3. இடையில் உள்ளவற்றை விலக்குங்கள். எக்ஸ்ரென்ஷன் வயர், யூ.பி.எஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கொம்பியூட்டரை நேரே சுவரில் பூட்டிப் பாருங்கள். யூ.பி.எஸ்ஸுக்குள் ஒரு பட்டறி இருக்கிறது. சில வருடங்களில் அது கிழடாகிவிடும். பட்டறி செத்த யூ.பி.எஸ் சில, சுவரில் கறண்ட் இருந்தாலும் வெளியே விடாது. கொம்பியூட்டர் போய்விட்டதென்று நாங்கள் அழுதுகொண்டிருப்போம். குற்றவாளி மேசைக்குக் கீழே இருப்பார்.

4. பிளக்கில் உள்ள பியூஸைப் பாருங்கள். சதுர முனைகள் மூன்று உள்ள 13 அம்பியர் பிளக்குக்குள் ஒரு சின்னப் பியூஸ் இருக்கிறது. அது எரிந்திருந்தால் கடையில் அதே அளவில் வேறொன்று வாங்கிப் போடலாம், விலை சொற்பம். சிகரட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிப் போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வீடு எரியும்.

5. வயரை மாற்றிப் பாருங்கள். மேசைக் கொம்பியூட்டரின் பெட்டிக்கும் மொனிற்றருக்கும் பெரும்பாலும் ஒரே மாதிரியான வயர்தான். மொனிற்றரின் வயரைப் பெட்டிக்குப் பூட்டுங்கள். பெட்டி உயிர்பெற்றால் பழுது வயரில். காசு செலவில்லாத சோதனை இது.

6. பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பவர் சப்ளையில் ஒரு சுவிச் இருக்கலாம். ஒரு பக்கம் சின்னக் கோடு, மறுபக்கம் வட்டம். கோட்டின் பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். கூட்டித் துடைக்கும்போது கை பட்டு அது மாறியிருக்கக்கூடும். சில பழைய பெட்டிகளில் சிவப்பு நிறத்தில் இன்னுமொரு சிறிய சுவிச் இருக்கும். அதில் 230 என்று தெரியவேண்டும். பிள்ளைகள் விளையாட்டாக அதை 115 க்குத் தள்ளிவிட்டால், எங்கள் நாட்டுக் கறண்டில் பவர் சப்ளை எரிந்துவிடும். ஆகவே அது சரியாக இருந்தால் தொடவே வேண்டாம்.

7. தேங்கிய கறண்டை வெளியேற்றுங்கள். சுவரில் இருந்து வயரைக் கழற்றிவிட்டு, முன் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடங்கள் பொறுத்து மறுபடி பூட்டிப் பாருங்கள். கறண்ட் போய் வந்த பிறகு அடைபட்டு நிற்கும் இயந்திரங்கள் சில, இதோடு எழும்பிவிடும்.

8. வெளியில் பூட்டியவற்றை எல்லாம் கழற்றுங்கள். பிறின்ரர், பென் டிறைவ், மவுஸ், கீபோட், ஸ்கானர் ஒன்றும் வேண்டாம். இவற்றில் ஒன்றின் யூ.எஸ்.பி முனை நெளிந்து உள்ளே முட்டிக்கொண்டிருந்தாலும் கொம்பியூட்டர் தொடங்க மறுக்கலாம். வெறும் பெட்டி தொடங்கினால், ஒவ்வொன்றாகப் பூட்டிக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

இந்த எட்டுக்கும் ஒரு ஸ்குறூ ட்ரைவர் கூட அநேகமாகத் தேவையில்லை. அரை மணித்தியாலம் போதும்.

பெட்டியைத் திறக்கலாமா?

திறக்கலாம். ஆனால் வயரைச் சுவரில் இருந்து கழற்றி, பத்து நிமிடம் விட்ட பிறகுதான். உள்ளே கை வைக்க முன்பு பெட்டியின் வெறும் தகரத்தை ஒரு தரம் தொடுங்கள். எங்கள் உடம்பில், அதுவும் நைலோன் உடுப்பில், சேரும் சின்ன மின்சாரம் உள்ளே உள்ள தட்டுகளைப் பழுதாக்கக்கூடியது.

பக்கத் தகரத்தைக் கழற்றியதும் தூசி இருக்கும். எங்கள் ஊரில் பல்லி, எறும்பு, குளவிக் கூடும் இருக்கும். விசிறியில் பல்லி சிக்கி நின்றுபோன கொம்பியூட்டர்களை நான் கண்டிருக்கிறேன். காய்ந்த மெல்லிய தூரிகையால் மெதுவாகத் துடையுங்கள். ஈரத் துணி கூடாது.

பிறகு மூன்று விடயங்களைப் பாருங்கள். முதலாவது, பவர் சப்ளையில் இருந்து மதர்போட்டுக்குப் போகும் அகலமான பெரிய இணைப்பும், நாலு துளை உள்ள சின்ன இணைப்பும் இறுக்கமாக இருக்கின்றனவா என்பது. இரண்டாவது, றாம் தட்டு. இரு பக்கக் கொளுக்கியையும் திறந்து அதை எடுத்து, பொன்னிற விளிம்பைப் பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுத் திரும்ப 'ரிக்' என்று பூட்டுங்கள். கடலோரக் கிராமங்களில் உப்புக் காற்றால் அந்த விளிம்பு மங்கும். மாரி காலத்துக்குப் பிறகு பீப் சத்தம் போட்டுத் திரை வராத கொம்பியூட்டர்கள் பல இதோடு சரியாகியிருக்கின்றன.

மூன்றாவது, முன் பொத்தான். ஒரு நாளைக்குப் பல தரம் அழுத்தி அழுத்தி அது தேய்ந்துபோகும். அதிலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் மதர்போட்டின் ஓரத்தில் உள்ள சின்ன ஊசிகளுக்கு வருகின்றன. பக்கத்தில் 'ரீசெற்' பொத்தானின் வயர்களும் இருக்கும். எது எங்கே இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, ரீசெற்றின் வயரைப் பவர் ஊசியில் பூட்டுங்கள். இப்போது ரீசெற் பொத்தானை அழுத்தக் கொம்பியூட்டர் தொடங்கினால், பழுது அந்தச் சின்னப் பொத்தானில் மட்டுந்தான். அப்படியே பாவித்துக்கொண்டு போகலாம்.

இதோடு எங்கள் வேலை முடிந்தது. பவர் சப்ளை என்ற தகரப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. அதற்குள் உள்ள கொள்ளளவிகளில் 320 வோல்ற் அளவில் கறண்ட் சேமித்திருக்கும். வயரைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது இருக்கும். உயிருக்கு ஆபத்து. பழுதான பவர் சப்ளையை முழுதாக மாற்றுவதுதான் வழி.

திருத்துபவரோடு பேசுவது

அந்த அக்கா போனில் என்னோடு பேசிக்கொண்டே இதையெல்லாம் செய்தார். தரம் 11 படிக்கும் மகள் போன் வெளிச்சம் பிடித்தாள். விசிறி நன்றாகச் சுழன்றது, ஆகவே சுவர் சரி. மொனிற்றர் வயரை மாற்றினார், பெட்டி எழும்பவில்லை. பெட்டியின் வயரில் மொனிற்றர் எரிந்தது, ஆகவே வயரும் சரி. ரீசெற் பொத்தானிலும் அசைவில்லை. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, பட்டணத்தில் வேறொரு திருத்தகத்துக்குப் பெட்டியோடு போனார்.

அங்கே இரண்டு விடயங்களைக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒன்று, வேறு எந்த வேலைக்கும் முன்பு ஹாட் டிஸ்கைக் கழற்றித் தன் கையில் தரும்படி. மற்றது, மதர்போட்டைப் பற்றிப் பேச முன்பு பவர் சப்ளையைத் தன் முன்னால் சோதிக்கும்படி. பவர் சப்ளையைத் தனியே கழற்றிவைத்து, பெரிய இணைப்பில் உள்ள பச்சை வயரின் துளையையும் ஒரு கறுப்பு வயரின் துளையையும் சிறு கம்பியால் இணைத்தால், நல்ல பவர் சப்ளை மதர்போட் இல்லாமலே தொடங்கும். வேலை தெரிந்த எவருக்கும் இது தெரியும். நீங்கள் செய்யவேண்டியதில்லை, செய்யச் சொல்லிக் கேட்டால் போதும். அதைவிட நிச்சயமான சோதனை, கடையில் உள்ள நல்ல பவர் சப்ளை ஒன்றைத் தற்காலிகமாகப் பூட்டிப் பார்ப்பது.

அந்தத் தம்பி இரண்டையும் செய்தார். அக்காவின் பவர் சப்ளை அசையவில்லை. கடையில் இருந்த வேறொன்றைப் பூட்டியதும் கொம்பியூட்டர் எழும்பியது. பாவித்த பவர் சப்ளை ஒன்றும் கூலியும் சேர்த்து 4,500 ரூபா. மதர்போட்டுக்கு ஒன்றுமில்லை. படங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன.

முதலில் வந்தவர் ஏமாற்றத்தான் வந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாளைக்குப் பத்து இடம் ஓடுபவர்களுக்குப் பொறுமையாகப் பார்க்க நேரமில்லை. மாற்றிக் கொடுப்பது இலகு. ஆனால் அந்த இலகுவின் செலவு எங்கள் தலையில் விழுகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. கொம்பியூட்டர் உதிரிப்பாகம் எல்லாம் வெளியில் இருந்துதான் வருகிறது. பிழையான பாகத்தை மாற்றும் செலவை எங்களைப் போன்றவர்களால் தாங்க முடியாது.

ஆகவே திருத்தக் கொடுக்கும்போது இவற்றை மறக்க வேண்டாம். என்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். திருத்த முன்பே கூலியைக் கேளுங்கள். பில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள், அது உங்களுடையது. முடிந்தால் ஒரு துணையோடு போங்கள். ஹாட் டிஸ்கில் உங்கள் படங்கள் மட்டுமல்ல, உங்களை நம்பி வந்த மற்றப் பெண்களின் படங்களும் கதைகளும் இருக்கின்றன. அதைக் கடையில் இரவு தங்கவிட வேண்டாம். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. "தம்பி, உங்களில நம்பிக்கை இல்லாமல் இல்லை, இது மற்ற ஆக்களின்ர சாமான்" என்று சொன்னால் எவரும் விளங்கிக்கொள்வார்.

எங்களுக்குத் தெரியாத வேலையா?

சமூகவியல் படிக்கும்போது, ஆணுக்குரிய வேலை, பெண்ணுக்குரிய வேலை என்ற பிரிவினை பிறப்பில் வருவதல்ல, சமூகம் பழக்கிவிடுவது என்று படித்தேன். கிராமங்களில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு அதைக் கண்ணால் கண்டேன். 1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் பல வருடங்கள் கறண்ட் இல்லை. பட்டறியும் வரத் தடை. அப்போது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஓய்ந்த பட்டறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு மணித்தியாலச் செய்தி கேட்டீர்கள். ஜாம் போத்தலில் விளக்குச் செய்தீர்கள். பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் தண்ணீர் மெசினைத் தொடக்கிப் பயிருக்குத் தண்ணீர் விட்டீர்கள். மெசின் தொடங்காவிட்டால் எண்ணெய் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். அந்த மூளைதான் இதற்கும் வேண்டும். கொம்பியூட்டர் புதிதாக இருக்கலாம், தேடும் முறை உங்களுக்குப் பழையது.

வருமுன் காப்போம்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடிமின்னல் கூட. வானம் கறுக்கத் தொடங்கும்போதே கொம்பியூட்டரின் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றிவிடுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்தினால் போதாது. இன்ரநெற் வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும். இடி முழங்கிக்கொண்டிருக்கும்போது வயர்களில் கை வைக்க வேண்டாம்.

கறண்ட் போனால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். திரும்ப வந்து ஐந்து நிமிடம் கழித்துப் பூட்டுங்கள். கறண்ட் வரும் அந்த முதல் நிமிடங்களில் வோல்ற் ஏறி இறங்கக்கூடும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கறண்ட் போனது. இப்படியான நாட்கள் இனியும் வரலாம்.

பெட்டியை நிலத்தில் வைக்காமல் ஒரு சின்னப் பலகையில் ஏற்றி வையுங்கள். வெள்ளத்துக்கும் நல்லது, எறும்புக்கும் நல்லது. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் பின்பக்கச் சூடு வெளியேறும். மாதம் ஒரு தரம் தூசி தட்டுங்கள்.

முக்கியமான படங்களையும் கடிதங்களையும் ஒரு பென் டிறைவில் பிரதி எடுத்து, கொம்பியூட்டர் இருக்கும் வீட்டில் இல்லாமல் நம்பிக்கையான இன்னொருவர் வீட்டில் வையுங்கள். மாதர் சங்கத்தில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இந்த எட்டுப் படிகளையும் சேர்ந்து ஒரு தரம் செய்து பாருங்கள். ஒருவருக்குத் தெரிந்தால் அவர் ஊரில் இல்லாத நாளில் திண்டாட வேண்டிவரும். நாலு பேருக்குத் தெரிந்தால் ஊருக்கே உதவும்.

பிரதி எடுப்பது எப்படி, எடுத்ததை மற்றவர் பார்க்காமல் பூட்டிவைப்பது எப்படி என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன். இதைச் செய்து பார்த்த அனுபவங்களையும், எந்தப் படியில் முட்டுப்பட்டீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். மீண்டும் சந்திப்போம்.